புள்ளி நாற்பத்தேழு

கரீஃப் காலம்.
சலாலாவுக்கு மேலே மலை இருந்த இடத்தில்
ஈரம்தான் இருக்கிறது.
பிரிசக் கம்போடு இருபதடி தள்ளி நிற்கிற தில்குமார் மகரைக்
கருவிக்குள் தேடுகிறேன்.
"இருக்கியா?"
"இருக்கேன் சார்"
என்கிறது பனி.

ஐன் ஹபூர் கிராமம்வரை புதுச் சாலை.
இந்தப் பக்கம் பதினைந்து, அந்தப் பக்கம் பதினைந்து மீட்டர்;
அதற்குள் இருப்பதையெல்லாம் எழுதித் தரவேண்டும்.
படிவத்தில் நான்கே கட்டங்கள்:
கட்டடம். கம்பம். மரம். மற்றவை.

நீளக் கல்லறையில் எனக்குச் சிக்கலில்லை.
அதற்குச் சுவர் உண்டு, பச்சைக் கதவு உண்டு,
வாசலில் செருப்புகள் உண்டு.
கட்டடம் என்று எழுதினேன்.
உள்ளே பட்டு போர்த்திய மேடு பன்னிரண்டு மீட்டர் அறுபது.
படுத்திருக்கிறவர் அவ்வளவு உயரமா என்று
ஒட்டகம் மேய்க்கிற முசல்லமிடம் கேட்டேன்.
"அளந்தது நீதானே" என்றார்.

ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் ஒரு பாறை.
அதில் குறுக்கும் நெடுக்குமாய் இரண்டு கீறல்.
சுகாதார நிலையத்து நர்ஸ் சோசம்மா
வெள்ளிக்கிழமை டூட்டி முடிந்ததும்
மெழுகுவர்த்தியைக் குடைக்குள் ஏந்தி வருகிறாள்.
பழைய குருசு, கப்பலில் வந்தவர்கள் வெட்டியது என்கிறாள்.
முசல்லம் சிரிக்கிறார்:
"எங்கள் குடும்பத்து ஒட்டகச் சூடு அது."
ஆனாலும் அதைத் தாண்டும்போது
அவர் குரலைத் தாழ்த்துவதைக் கவனித்திருக்கிறேன்.
மற்றவை.

அதற்கு மேலே,
ஓடிப்போன பழைய கம்பெனி விட்டுப்போன
துருப்பிடித்த மின்பெட்டி.
மண்டையோடு வரைந்த கதவைத் திறந்தால்
பன்னிரண்டு எம்.எம். கம்பியை நெளித்து
வள்ளியூர் வெல்டர்கள் பற்றவைத்த வேல்.
பால்பவுடர் டின்னில் திருநீறு.
சாவி வைத்திருப்பது காவலாளி குல் ஜமான்.
உள்ளே என்ன என்று அவர் இதுவரை கேட்டதில்லை.
கிருத்திகையன்று மட்டும்
நமுத்துப்போகாத தீப்பெட்டி ஒன்றைத்
தன் இடுப்பிலிருந்து எடுத்துத் தருவார்.
கம்பம் என்று எழுதி, அடித்து,
மற்றவை.

என்னைக் கேட்காதீர்கள், நான் எந்தக் கட்டம் என்று.
அப்பாவோடு எல்லா இடத்திலும் வெளியே நின்று
செருப்பைப் பார்த்துக்கொண்டவன்.

நாற்பத்தேழாம் புள்ளி வெறும் சரிவு.
புல், மாட்டுச் சாணி, வேறொன்றுமில்லை.
கடலுக்கு மேல் அறுநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
இரும்பு முளையை அடித்தோம்.
பனியில் கண்ணுக்குப் படவேண்டுமே;
ரிப்பன் தீர்ந்துபோயிருந்தது.
தில்குமார் தன் சிவப்புத் துண்டில் பாதியைக் கிழித்து
முளையின் தலையில் கட்டினான்.
பிறகு எட்டு நாள் தூறல்.
கேம்ப்பில் சீட்டாடினோம்.

ஒன்பதாம் நாள் போனால்
சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு பச்சைத் துணி.
மஞ்சள் நூல் மூன்று சுற்று.
கீழே உருகிய மெழுகு, பாதி எலுமிச்சை,
யாரோ வைத்த கிண்ணத்தில்
மழைத்தண்ணீர் கலந்த ஒட்டகப்பால்.
"நீயாடா?" என்றேன்.
"துண்டு மட்டும்தான் சார்" என்றான்.
கிண்ணத்தின் ஓரத்தில் நாலைந்து அரிசி
அவன் சட்டைப்பையிலும் ஒட்டியிருந்தது.

மஸ்கட்டிலிருந்து எஞ்சினியர் போன்:
நாற்பத்தேழைப் பிடுங்கி
நான்கு மீட்டர் கிழக்கே அடி, வளைவு மாறிவிட்டது.
பனி சார், என்றேன். மறுநாளும் பனி சார்.
மூன்றாம் நாள் வெயில் அடித்துத் தொலைத்தது.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு தனியாக ஏறினேன்.
முளைக்கு முன்னால் ஒரு பெண்,
அபாயா நுனியில் சேறு,
தோளில் காய்ச்சல்காரக் குழந்தை.
அவளுக்குப் பின்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு
எனக்குத் தெரியாத ஒரு டேங்கர் டிரைவர்.
திரும்பி, என்னை ஒருமுறை பார்த்து,
சற்றே நகர்ந்து இடம் கொடுத்தார்.

கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி
நிற்கிறேன்.
எனக்கு முன்னால் இரண்டு பேர்.